சிலுப்பாத கிடா

என் அக்கா செவ்வந்தியைப் பற்றி யாராவது என் ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டு ஒரு வார்த்தை தப்பாகப் பேசினால், பாதி வழியிலேயே இறக்கிவிட்டுவிடுவேன். இறக்கியும் விட்டிருக்கிறேன். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற ரோட்டில், நல்ல உச்சி வெயிலில், மூட்டையும் கையுமாக ஒரு பெரிய மனிதரை இறக்கிவிட்டேன். "இன்னாப்பா அஜித்து, அநியாயம் பண்றே" என்றார். அநியாயம் எதுவென்று எனக்குத் தெரியும். முனீஸ்வரன் கோயிலில் அது நடந்தபோது நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். இன்றைக்கு வரைக்கும் எனக்கு ஆறவில்லை.

அக்காவைக் கட்டிக்கொடுத்தது மலையடிவாரத்தில். வீட்டு வாசலில் நின்றால் கல்வராயன் மலை எதிரே தெரியும். மாமா வேடியப்பனுக்குக் கொஞ்சம் கரும்பு, கொஞ்சம் மரவள்ளி, இரண்டு மாடு, நாலைந்து ஆடு. குடி இல்லை, சீட்டு இல்லை, கைநீட்டுகிற பழக்கம் இல்லை. நல்ல மனிதர் என்றுதான் நானும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். எதைக் கேட்டாலும் "அம்மாவ ஒரு வார்த்த கேட்டுக்கலாம்" என்பார். அது ஒன்றுதான் குறை என்று நினைத்தோம். அம்மா என்றால் பெரியநாயகி அத்தை. அவர் வாயைத் திறந்தால் தெருவே கதவைச் சாத்தும்.

அக்காவுக்குப் பேச்சு கம்மி. ஆனால் ஆடுமாடுகளை அவள் பார்க்கிற பார்வை வேறு. எந்த மாடு எந்தக் காலைத் தாங்கி நடக்கிறது, எது தண்ணீர்த் தொட்டிக்கு வந்துவிட்டுக் குடிக்காமல் திரும்பியது என்பதெல்லாம் அவளுக்குத் தானாகக் கண்ணில் படும். கல்யாணம் ஆன புதிதில் அந்த வீட்டுப் பசு ஒன்று சுவரை நக்க ஆரம்பித்தது. சுண்ணாம்பு, மண், கயிறு, துணி, எது கிடைத்தாலும் மென்றது. கடைசியில் கொடியில் காய்ந்துகொண்டிருந்த அத்தையின் புதுச் சேலையைப் பாதிவரை தின்றுவிட்டது. அத்தை செய்வினை என்றார். மலைமேலிருந்து ஒருவர் வந்து வேப்பிலை அடித்துவிட்டுப் போனார். பசு அந்த வேப்பிலையையும் தின்றது.

அக்கா யாரிடமும் சொல்லாமல் பசுவை ஓட்டிக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போனாள். அங்கேதான் டாக்டர் எழில்மதி. அந்த அம்மா மாட்டைத் தொடுவதற்கு முன்னால் கேட்கிற முதல் கேள்வி, "எப்பலேர்ந்து இப்படி நடந்துக்குது?" என்பதுதான். "ஜுரம் எவ்வளவுன்னு தெர்மாமீட்டர் சொல்லிடும். வூட்ல அது இன்னா பண்ணுச்சுன்னு நீங்கதான் சொல்லணும். அதுல பாதி வைத்தியம் கீது" என்பார். உடம்பில் தாது உப்பு இல்லாமல் போனால் மாடு கண்டதையும் மெல்லும் என்று சொல்லிப் பவுடர் கொடுத்தார். கொஞ்ச நாளில் பசு புல்லைத் தவிர எதையும் தொடவில்லை. அதிலிருந்து அக்கா ஒன்றென்றால் மருந்தகம்தான். அத்தைக்கு அது பொறுக்கவில்லை. "என் மருமவ டாக்டருக்குப் படிச்சிக்கினு கீறா" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் நொடித்துக்கொள்வார்.

பிறகு மாமா கரும்பு லோடு லாரி மேலிருந்து விழுந்தார். இடது தொடை எலும்பு இரண்டாகப் போனது. மாதக் கணக்கில் படுக்கை. மல மூத்திரம் எடுத்தது அக்கா, கரும்பு வெட்டப் போனது அக்கா, மாட்டைப் பார்த்தது அக்கா, மகள் சுபஸ்ரீயைப் பள்ளிக்கூடம் அனுப்பியதும் அக்கா. இனிமேல் இவர் நடப்பது கஷ்டம் என்று யாரோ ஆஸ்பத்திரியில் சொன்னதைக் கேட்டு, அவள் முனீஸ்வரனுக்கு நேர்ந்துகொண்டாள். "என் வூட்டுக்காரரு எழுந்து நடந்தா, என் கையால வளத்த கிடாவ உனக்கு வெட்டுறேன்." அப்போது பிறந்திருந்த கறுப்புக் குட்டியைத்தான் நேர்ந்துவிட்டாள்.

மாமா எழுந்தார். முதலில் கோலூன்றி, பிறகு கோலில்லாமல். குட்டியும் வளர்ந்தது. வளர்ந்தது என்றால் சாதாரணமாக அல்ல, தடித்தடியான கொம்பும் தாடியுமாக, வாசலில் நின்றால் தபால்காரர் தெருமுனையிலேயே நின்று குரல் கொடுப்பார். பருவத்துக்கு வந்த கிடா முட்டத்தான் செய்யும். அது அக்காவிடம் மட்டும் குழந்தை. மாமாவைக் கண்டால் தலையைத் தாழ்த்திக்கொண்டு வரும். ஒருமுறை அந்த முறிந்த காலிலேயே முட்டிவிட்டது. அதற்கப்புறம் அவர் அதன் பக்கமே போகமாட்டார். கிண்டலுக்கு நான்கூடக் கேட்டிருக்கிறேன், "இன்னா மாமா, புலியா அது?" என்று. அவர் சிரிப்பார். பயம் என்று சொல்லிக்கொள்ள எந்த ஆம்பளைக்கு மனசு வரும்?

அந்தக் கோயிலில் வழக்கம் இதுதான். யாருக்காக நேர்ந்துகொண்டதோ அவர் கிடாவின் கயிற்றைப் பிடித்துக் கோயிலைச் சுற்றி வரவேண்டும். அப்புறம் மாலை போட்டு, மஞ்சள் தண்ணீரைத் தலையிலும் முதுகிலும் ஊற்றுவார்கள். கிடா உடம்பை உதறிச் சிலுப்பவேண்டும். சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டார் என்று அர்த்தம், அதற்கப்புறம்தான் வெட்டு. சிலுப்பாவிட்டால் வெட்டக் கூடாது. நேர்ந்துகொண்டவரிடம் ஏதோ குறை இருக்கிறது, அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்கவேண்டும் என்பார்கள். இன்னொன்று, சாமிக்கு விட்ட கிடாவுக்கு ஊசி போடக் கூடாது. ஊசி குத்தினால் அது ஊனப்பட்ட கிடா, சாமிக்கு ஆகாது.

பூஜையன்று காலையில் ஆட்டோவில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் இறக்கினேன். பங்காளிகள், சம்பந்திகள் என்று கோயில் முழுக்கக் கூட்டம். மேளம் காதைக் கிழித்தது. மாமா வெள்ளை வேட்டியும் மஞ்சள் துண்டுமாகக் கிடாவைப் பிடித்துக்கொண்டு சுற்றி வந்தார். கிடா சாதுவாகப் பின்னாலேயே நடந்தது. பார்த்த எனக்கு ஆச்சரியம். "மாமா மந்திரம் போட்டுட்டாரு போலக் கீது" என்று அக்காவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. கிடாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, அது அசைபோடல. காத்தாலேர்ந்து அசைபோடல" என்றாள். "மேளம் அடிக்கிறான், காதுகூடத் திருப்பல. மூஞ்சில ஈ உக்காந்துக்கினு கீது பாரு, தட்டி வுடக்கூட இல்ல. வாயெல்லாம் எச்சி."

"கூட்டத்தப் பாத்து மிரண்டிருக்கும்க்கா."

"மிரண்டா அது முட்டும். இப்படி நிக்காது."

பூசாரி பச்சமுத்து குடத்தை எடுத்தார். மேளம் நின்றது. மஞ்சள் தண்ணீர் கிடாவின் தலையிலிருந்து வழிந்து தாடி வழியாகச் சொட்டியது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். கிடா நின்றது. இன்னொரு குடம். நின்றது. காதுக்குள் தண்ணீர் விட்டார்கள், முதுகில் அள்ளி அடித்தார்கள், பங்காளிகள் "முனீஸ்வரா, உத்தரவு குடுப்பா" என்று கத்தினார்கள். கிடாவின் தலை இன்னும் கொஞ்சம் கீழே போனதே தவிர, ஒரு மயிர் ஆடவில்லை.

பச்சமுத்து குடத்தைக் கீழே வைத்தார். "வேண்டிக்கினவங்க யாரு?"

கூட்டம் விலகி அக்காவுக்கு வழிவிட்டது.

"கொற எதுனா இருந்தா சாமிகிட்ட சொல்லிடும்மா. மறைக்காத" என்றார் பூசாரி. அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அக்கா கைகூப்பி, "எனக்குத் தெரிஞ்சு ஒரு கொறையும் இல்லைங்க. கிடாவுக்குத்தான் இன்னாவோ ஆயிருக்கு. டாக்டரம்மாவக் கூப்புடலாம்" என்றாள்.

அவ்வளவுதான். பெரியநாயகி அத்தை முன்னால் வந்தார்.

"கிடாவுக்கு இன்னா ஆச்சு? நேத்து வரைக்கும் ஊரையே முட்டிக்கினு இருந்த கிடா. சாமி புடிச்சி நிறுத்திக்கீறாரு! எம்மவன் படுத்த படுக்கையா கெடக்கசொல்ல நீ காத்தால போனா இருட்டித்தான் வருவே. கரும்பு வெட்டப் போனியோ, யார்கூடப் போனியோ, அது சாமிக்குத்தானே தெரியும். இப்பச் சொல்லு!"

எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. அடப் பாவி! அவர் மகனுக்குச் சோறு போட வெயிலில் வெந்தவளைப் பார்த்தா இப்படி ஒரு வார்த்தை? "அத்த, வாய அளந்து பேசு!" என்று நான் பாய்ந்தேன். நாலு பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். கூட்டத்தில் ஒருத்தரும் அத்தையைத் தடுக்கவில்லை. அவளோடு கரும்பு வெட்டிய பொம்பளைகள்கூடத் தலையைக் குனிந்துகொண்டார்கள். நல்லது கெட்டதுக்கு அக்கா ஓடி ஓடிப் போய் நின்ற வீட்டுக்காரர்கள் அவர்கள்.

அக்கா யாரையும் பார்க்கவில்லை. மாமாவைத்தான் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க" என்றாள். "நான் எங்க போனேன், எப்ப வந்தேன்னு உங்களுக்குத் தெரியாதா? உங்க அம்மாகிட்ட சொல்லுங்க."

மாமா கிடாவின் கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் அப்போது என்ன நினைத்தேன் தெரியுமா? அம்மாவுக்குப் பயப்படுகிறார் என்று நினைத்தேன். எப்போதும் போல.

ஒரு பங்காளிக் கிழவர், "சத்தியம் பண்ணிட்டாப் போவுது. கையில கற்பூரம் ஏத்தட்டும்" என்றார். மேலும் சிலர் ஆமாம் என்றார்கள். சத்தியம் செய்யாமல் அவள் அந்த வீட்டு வாசல்படி ஏறக் கூடாது என்று அத்தை தீர்ப்பே சொல்லிவிட்டார். நான் பிடியை உதறிக்கொண்டு ஓரமாகப் போய் டாக்டர் எழில்மதிக்குப் போன் போட்டேன். பக்கத்து ஊரில் ஒரு மாட்டுக்குப் பிரசவம் பார்த்துவிட்டு வந்துகொண்டிருக்கிறேன், இதோ வருகிறேன் என்றார்.

நான் திரும்புவதற்குள் அக்கா கையை நீட்டிவிட்டாள்.

"அக்கா, வேணாம்! டாக்டரம்மா வந்துக்கினு கீறாங்க" என்று கத்தினேன். அவள் கேட்கவில்லை. சுபஸ்ரீ ஓவென்று அழுதுகொண்டு அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "நாளைக்கி இந்தப் பொண்ணு பள்ளிக்கூடம் போவணும் தம்பி. இவள யாரும் ஒரு சொல்லு சொல்லக் கூடாது" என்றாள் அக்கா. பூசாரிக்கே மனமில்லை. தயங்கித் தயங்கித்தான் கற்பூரக் கட்டியை அவள் உள்ளங்கையில் வைத்துக் கொளுத்தினார். அது எரிந்தது. அக்கா சன்னதியைப் பார்த்துச் சத்தியம் செய்தாள். அவள் உதடு வெடவெடவென்று ஆடியது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. கட்டி எரிந்து முடியும் வரை கையை மடக்கவில்லை. மாமா மூன்றடி தூரத்தில் நின்றுகொண்டு அதைப் பார்த்தார்.

அப்போதும் கிடா சிலுப்பவில்லை. அதன் முன்னங்கால் மடிந்து, பொத்தென்று கீழே சாய்ந்தது.

கூட்டம் அலறிவிட்டது. வெட்டாமலே சாமி கிடா விழுந்தால் குடும்பமே நாசமாகும் என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். அந்த அமளியில்தான் டாக்டர் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு ஓடிவந்தார். முதலில் கிடாவை ஒருக்களித்துக் கிடக்க விடாமல் நெஞ்சின்மேல் நிமிர்த்தி உட்காரவைத்துத் தலையைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். ஒற்றைக் கையோடு அக்காதான் போய்ப் பிடித்தாள்.

"செவ்வந்தி, எப்படி நடந்துக்கிச்சு?" என்றார் டாக்டர். வழக்கமான அதே கேள்வி.

அக்கா அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னாள். அசைபோடவில்லை, ஈயை விரட்டவில்லை, மேளத்துக்குத் திரும்பவில்லை, எச்சில் ஒழுகுகிறது, அடிக்கடி மூத்திரம் போகிறது, மாமாவைப் பார்த்தும் முட்டவில்லை. டாக்டர் கண்ணின் இமையை விலக்கிப் பார்த்தார். கழுத்து மயிரை விரலால் கோதிக்கொண்டே வந்து ஒரு இடத்தில் நிறுத்தினார். மொச்சைக் கொட்டை அளவுக்கு வீக்கம், நடுவில் உறைந்த ரத்தப் பொட்டு.

"இதுக்கு யாரு ஊசி போட்டது?"

மேளக்காரர்கள் கூட எழுந்து நின்றுவிட்டார்கள். சாமி கிடாவுக்கு ஊசியா?

"இவதான்! வேற யாரு?" என்று அத்தை அக்காவின் பக்கம் கையை நீட்டினார். "ஊசி ஊசின்னு டாக்டர் வூட்டுக்கு அலையறவ இவதானே! சாமி கிடாவக் கெடுத்துட்டு கற்பூரம் வேற ஏத்தறா பாரு, சண்டாளி!"

அக்கா திகைத்துப் போய்விட்டாள். கொப்பளித்துக்கொண்டிருந்த கையை ஒதுக்கிக்கொண்டு, மற்றக் கையால் கிடாவின் தலையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். கிழவர் "ச்சீ" என்றார். யாரோ காறித் துப்பினார்கள். மாமா இன்னமும் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் கிடாவின் விலாவில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு நிமிர்ந்தார். "உங்க சண்டைய அப்புறம் வச்சிக்குங்க. இதுக்கு மூச்சு கொறைஞ்சிக்கினே போவுது. மயக்க ஊசியா, வேற எதனாச்சுமா? இன்னா மருந்து, எவ்ளோ போட்டீங்கன்னு தெரிஞ்சாத்தான் நான் மாத்து ஊசி போட முடியும். மாத்திப் போட்டா என் கையிலயே செத்துடும். போட்டவங்க இப்பச் சொல்லிடுங்க. இல்லன்னா இன்னும் கொஞ்ச நேரத்துல இது பூட்டுடும்."

"நான்தாங்க" என்றது ஒரு குரல்.

மாமா.

"செத்துடப் போவுது டாக்டரம்மா, காப்பாத்துங்க" என்று கிடாவுக்குப் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்தார். வேட்டி மடிப்பிலிருந்து ஒரு சின்னப் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். பாதி காலியாக இருந்தது. "சந்தையில மாட்டுக்கு ஊசி போடுற ஆளு ஒருத்தன் குடுத்தான். ரெண்டு சொட்டு போட்டா சாதுவா வரும்னான். இவ்ளோ பெரிய கிடாவாச்சேன்னு, விடியறதுக்கு முன்னால இது கட்டிக் கெடக்கசொல்ல நான்தான் ஜாஸ்தி போட்டுட்டேன். எல்லார் எதுருலயும் இது என்ன முட்டிக் கீழ தள்ளிடுச்சுன்னா மானம் போயிடுமேன்னுதான்..."

நான் கேட்டது நிஜம்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. இந்த மனிதருக்குக் காலையிலிருந்து தெரியும். முதல் குடம் ஊற்றியபோதே தெரியும். பெற்றவள் அந்த வார்த்தையைச் சொன்னபோது தெரியும். கட்டியவள் கையில் நெருப்பு எரிந்தபோது, தெரிந்துகொண்டே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். நான் அவர்மேல் பாய்ந்து கழுத்துத் துண்டைப் பிடிக்கவேண்டியவன். கால் எழவில்லை.

டாக்டர் பாட்டிலைப் படித்துப் பார்த்துவிட்டு, பையிலிருந்து வேறு மருந்தை எடுத்து ஏற்றினார். "ஆடுமாட்டுக்கு இது கொஞ்சமே போதும். குதிரைக்குப் போடுற அளவ இதுக்கா போடுவாங்க? இந்த மயக்கத்துல நீங்க ஆத்துத் தண்ணியையே ஊத்தினாலும் இது சிலுப்பாது. இத இப்ப வெட்டித் தின்னவும் கூடாது" என்றார். பச்சமுத்து, நாமெல்லாம் என்ன செய்துவிட்டோம் என்று தலையில் அடித்துக்கொண்டார். அத்தை மட்டும், "எம்மவன் வெகுளி, எவனோ ஏமாத்திட்டான்" என்று முணுமுணுத்துக்கொண்டு பந்தல் பக்கம் நகர்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் கிடாவின் காது அசைந்தது. கண் திறந்தது. தடுமாறி எழுந்து, நாலு காலையும் அகட்டி நின்று, ஈர உடம்பைத் தலையிலிருந்து வால்வரை ஒரு உதறு உதறியது.

"சிலுப்பிடுச்சு! உத்தரவு வந்துடுச்சு!" என்று யாரோ கத்தினார்கள். குலவைகூட எழுந்தது. வெட்டு இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம், சாமி மன்னித்துவிட்டார், எல்லாம் சரியாகிவிட்டது என்று கிழவர் சொன்னார். அக்காவைப் பார்த்து, "போம்மா, புருசன் பொண்டாட்டி சேர்ந்து கும்பிட்டுக்குங்க" என்றார். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்!

டாக்டர் அக்காவின் கையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். உள்ளங்கை முழுக்கக் கொப்பளம். "இத யாரு பண்ணது?" என்று கேட்டார். கிழவர் மெல்லப் பின்னால் நகர்ந்தார். ஆஸ்பத்திரிக்கு உடனே கூட்டிக்கொண்டு போ என்று என்னிடம் சொன்னார். நான் ஆட்டோவை எடுத்து வந்தேன். அக்கா சுபஸ்ரீயை முதலில் ஏற்றிவிட்டுத் தானும் ஏறி உட்கார்ந்தாள். அழுகை நின்றுவிட்டிருந்தது.

மாமா கயிறும் கையுமாக ஆட்டோ பக்கம் வந்தார். மயக்கம் தெளிந்த கிடா அவரை முறைத்துக்கொண்டு பின்னால் இழுத்தது. ஏதாவது சொல்வார் என்று நான் காத்திருந்தேன். மன்னிச்சுக்கோ என்றாவது, கை வலிக்குதா என்றாவது. அவர் கயிற்றை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"செவ்வந்தி, இத நான் எப்படி வூட்டுக்கு ஓட்டிக்கினு போறது? எங்கிட்ட வரமாட்டேங்குதே."

கல்யாணமான நாளிலிருந்து அவரை "நீங்க" என்றுதான் சொல்வாள் அக்கா.

"நீயே அதுகிட்ட கேட்டுப் பாரு" என்றாள். "என் கையில நெருப்பு எரியசொல்ல உனக்கு வராத பேச்சு, கிடாவுக்குன்னா நல்லா வருதே."

அதற்கப்புறம் அந்த வீட்டு வாசலை அவள் மிதிக்கவில்லை. சத்தியம் செய்துவிட்டாளே, தாராளமாக வரலாமே என்று ஆள்மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.